ஏழாவது கட்டத்தில் நான் எழுதியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது, நீ நலமா என்று தெரியாமல் எங்களுக்கு மட்டும் என்ன நலம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது முகம் கோணுகிறது, கேட்டால் வலியே இல்லை என்று சாதிக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மனசை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, உள்ளதை எழுதுகிறேன். நீ என் போனை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். அனுப்புகிற செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. உன் அறைத்தோழிக்குப் போட்டேன், பாவம் அந்தப் பெண்ணுக்குப் பொய் வரவில்லை, அவ நல்லா இருக்கா ஆன்ட்டி, சாப்பிடுறா, இப்ப பேச வேணாம்னு சொல்றா என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள். நீ பக்கத்திலேயே நிற்கிறாய் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ இருக்கிறாய், சாப்பிடுகிறாய், என்னோடு பேசத்தான் பிடிக்கவில்லை. அன்றைக்கு அது தெரிந்ததே போதும் என்றிருந்தது, மறுநாள் போதவில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றால் போடு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி, கவருக்குள் இன்னொரு பொருளும் வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். வியாழக்கிழமை உன்னை விசாரிக்கிறவர்கள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் கொடு, அவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா. இன்னொன்று, ஆதியிலிருந்து கோர்வையாக எழுதிப் பார்த்தால்தான் நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று எனக்கே பிடிபடுகிறது.

உன்னை அங்கே கொண்டுவந்து விட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நானும் அப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம், ஒரு பக்கம் வங்கி, ஒரு பக்கம் செருப்புக் கடை, நடுவில் சிக்னல், பல்கலைக்கழகத்தின் வாசல் எங்கேப்பா என்று ஒரு காவலாளியிடம் கேட்டதற்கு, நீங்க அரை மணி நேரமா உள்ளதான்மா சுத்திக்கிட்டு இருக்கீங்க என்றான். மதில் இல்லாத படிப்பிடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அரசாங்கம் நடத்துவதும் இல்லை, தனியாருடையது என்றதும் அப்பாவுக்கு உள்ளூரச் சந்தேகம், கண்ணாடி வழியாக அந்த ஆராய்ச்சிக்கூடங்களைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார். எனக்கு வேறு சந்தேகம். ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஏதாவதொரு கம்பெனியில் நிஜ வேலை, மறுபடி வகுப்பு, மறுபடி வேலை, மூன்று தடவை அப்படி வேலைக்குப் போய் வந்தால்தான் பட்டம் என்று நீ விளக்கியபோது, படிக்கப் போகிற பிள்ளையை வேலைக்கு அனுப்புவானேன், வேலைக்குத்தான் ஆயுசு முழுக்கப் போகப்போகிறாளே என்று நான் கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, அம்மா, நீ ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டதை எந்த வகுப்புல கத்துக்கிட்ட, அதே மாதிரிதான் என்று சொன்னாய். அதோடு என் வாயும் மூடிப்போயிற்று. இரண்டாவது ஆறு மாதத்துக்கு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்குகிற எங்கள் ஸ்டெரிலைசேஷன் அறைக்குச் சோதனைப் பட்டை செய்து அனுப்புகிற அதே கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது என்றதும் நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமா? இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கருவித் தட்டுக்குள்ளும் அந்தச் சின்னப் பட்டையை வைத்து மூடுகிறவள் நான், அதைச் சோதித்து அனுப்புகிற மேசையில் என் மகள். லிஃப்ட் ஓட்டுகிறவரிடம்கூடச் சொன்னேன்.

அந்தப் பட்டை என்னவென்று தெரியாதவர்களுக்காக எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, தட்டில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவி அடுப்பில் வைப்போம். நூற்று முப்பத்து நாலு டிகிரியில் முழுசாக நாலு நிமிடம் வெந்தால்தான் கிருமி சாகும். தட்டின் நடுவில் ஒரு மஞ்சள் பட்டை இருக்கும், நாலு நிமிடமும் சரியாக வெந்தால்தான் அது கறுக்க வேண்டும். போன வருஷம் ஒரு நாள் மெஷின் பாதியில் மக்கர் பண்ணியது, வெளியே எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது, உள்ளே பட்டை மஞ்சளாகவே இருந்ததால்தான் கண்டுபிடித்தோம், முப்பது தட்டையும் திரும்ப வைத்தோம். பட்டை பொய் சொன்னால் எங்களுக்குக் கண் இல்லாத மாதிரி.

ஐந்து வாரத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். குரலே சரியில்லை. ஒரு நிமிடம் மட்டும் வேகவைத்துச் சோதித்தபோது நாற்பது பட்டையில் பதினொன்று கறுத்துவிட்டது, ஒன்றுகூடக் கறுக்கக் கூடாது, உன் மேலாளர் அது சோதனை மெஷினின் கோளாறு என்று சொல்லிவிட்டு, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்து, கடைசியில் வந்ததை மட்டும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார் என்றாய். பேட்ச் நம்பரையும் சொன்னாய். யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா, கம்பெனி விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன்னு நான் காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன், முதல்ல எங்க யுனிவர்சிட்டியில என்னை வேலைக்கு அனுப்பின மேடம்கிட்ட முறையாப் பேசிட்டு வர்றேன், ஒரு வாரம் பொறு என்றாய். சரி கண்ணு, நான் ஏன் சொல்லப்போகிறேன் என்றேன். அந்தச் சத்தியம் திங்கட்கிழமை காலை பத்து மணிவரை தாங்கியது.

என்ன நடந்தது என்று நீ இன்றுவரை என்னை நிதானமாகக் கேட்கவே இல்லை. அலமாரியைத் திறந்தேன், அதே பேட்ச், பன்னிரண்டு பெட்டி. சின்ன ஆட்டோகிளேவில் பத்துப் பட்டையை ஒரே ஒரு நிமிடம் வைத்து எடுத்தேன், மூன்று கறுத்துவிட்டது, கரிக்கட்டைக் கறுப்பு. மகள் சொன்னதை அம்மாவாகக் கேட்டவள் அந்த இடத்தில் காணாமல் போய்விட்டாள், ஸ்டெரிலைசேஷன் அறைக்காரிதான் நின்றாள். குறைபாட்டுப் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எட்டுக் கட்டம் அதில். எங்கள் அறையில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, காலியாக விட்டால் அறைப் பொறுப்பில் இருக்கும் பெரிய சிஸ்டர் முகத்திலேயே விட்டெறிவார், அந்தப் பழக்கம் என் விரலில் ஊறிப்போனது. ஏழாவது கட்டம், குறை எப்படித் தெரிய வந்தது? வழக்கமான சோதனையில் என்று எழுதியிருக்கலாம். யாரும் ஏன் எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார்கள், உன் மேல் ஒரு தூசி விழுந்திருக்காது. நான் என்ன எழுதினேன்? என் மகள் பல்கலைக்கழக மாணவி, இதே கம்பெனியில் ஆறு மாத வேலைப் பயிற்சியில் சோதனை மேசையில் இருக்கிறாள், அவள் சொன்னாள் என்று முத்து முத்தாக எழுதினேன். மறந்துபோய் எழுதவில்லை பாப்பா, பழக்க தோஷம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். பெருமை. பெரிய சிஸ்டர் படித்துவிட்டு, உம் பொண்ணா, பரவாயில்லையே, கெட்டிக்காரிதான் என்றார், நான் நின்ற இடத்தில் உப்பிப்போனேன். அந்த ஒரு நிமிடத்துக்காக உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படிவம் அப்படியே கம்பெனிக்குப் போயிற்று. அதே வாரம் வியாழக்கிழமை உன் அடையாள அட்டை கம்பெனிக் கதவைத் திறக்கவில்லை என்றாய். அந்த மேடம் உன்னைக் கூப்பிட்டு, ரகசியத்தை வெளியே விட்டதாகக் கம்பெனி எழுதியிருக்கிறது, விசாரணை முடியும்வரை வேலைக்குப் போகாதே என்று சொன்னதையும், அவரே கண்கலங்கினார் என்பதையும் சொன்னாய். அப்புறம் போன மாதக் கடைசியில் நீ பேசியதுதான் கடைசிப் பேச்சு. இரண்டு தாள் உன் மேசையில் இருக்கிறது என்று படித்துக் காட்டினாய். ஒன்று கம்பெனி அனுப்பியது, நான் தவறாகப் பார்த்துவிட்டேன், அனுபவம் இல்லாததால் பட்டையின் நிறத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று. அதில் கையெழுத்துப் போட்டால் திரும்ப வேலையில் சேரலாம், ஒரு கறையும் இருக்காது. இன்னொன்று பல்கலைக்கழகத்தின் தாள், நடந்ததை உன் வாக்கில் எழுதுவது. எழுதினால் விசாரணை, இந்த ஆறு மாதம் கணக்கில் வராமல் போகலாம், படிப்பே போகவும் போகலாம். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் சாட்சியின் பெயர் கேட்டிருக்கிறது, நான் யாரை எழுதுவேன், மேலாளரும் நானும்தான் அந்த ரூம்ல இருந்தோம், காலியாத்தான் விடணும் என்றாய். என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். நீ சின்ன வயசில் கேட்பதுபோலவே கேட்டாய்.

நான் சொன்னேன், போட்டுடு, ஒரு கையெழுத்துதானே, உனக்கு எதுக்கு ஊர் வம்பு, தலையெழுத்தா இதுக்காகப் படிப்பை விடணும்னு. நீயா இதைச் சொல்ற என்று மட்டும் கேட்டாய். போன் கட்டாகிவிட்டது. அவ்வளவுதான்.

பயத்தில் சொன்னேன் கண்ணு. சத்தியமாகப் பயம். நான் எழுதிய ஒரு வரியால் உன் படிப்பு போகிறதென்றால் நான் என்ன செய்து அதைத் திருப்பித் தருவேன்? எப்படியாவது, எந்தப் பொய்யைச் சொல்லியாவது உன்னை அந்த மேசைக்குத் திரும்ப அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. அப்பாவிடம் சொன்னேன், உங்கள் மகளுக்கு நல்லது சொன்னேன், கோபித்துக்கொண்டாள் என்று. அவர் தட்டை நகர்த்திவிட்டு, பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் சொன்னா டிரைவரை இறக்கிவிட்டுட்டு அதே பஸ்ஸை எடுப்பாங்களா என்று கேட்டார். பஸ்ஸைத் தவிர உங்களுக்கு வேறு உவமையே தெரியாதா என்று நான் பாய்ந்தேன். இரண்டு நாள் அவரும் என்னோடு பேசவில்லை. வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவர் பேசாவிட்டால் குக்கர் விசில்தான் பேச்சு.

இதற்கிடையில் உன் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நாள் குறித்தார்கள், போன புதன்கிழமை. பயப்படாதே, நல்லபடியாக முடிந்துவிட்டது, பின்னால் முடிச்சுப் போடுகிற அந்த அங்கியை மாட்டிவிட்டதற்காக ஆஸ்பத்திரி முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கிறார், சிரித்தால் தையல் வலிக்கிறதாம், அதனால் யாரையும் சிரிக்க விடுவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் பட்டியலைப் பார்த்துத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் தட்டு சித்தப்பா பேரில். கம்பெனி, எங்கள் பட்டையில் குறை இல்லை, புகார் சொன்ன மாணவி வாபஸ் வாங்கப்போகிறார் என்று எழுதி அனுப்பிவிட்டதால் அதே பேட்ச்தான் மேசையில் இருந்தது. பட்டையை எடுத்தேன். வைக்க முடியவில்லை. எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய கம்பெனியின் பட்டையைத் தேடி எடுத்து, தேதி பார்த்து, சித்தப்பாவின் தட்டுக்குள் அதை வைத்து மூடினேன். மனசு லேசாயிற்று. அடுத்த தட்டை இழுத்தேன். பிரசவ ஆபரேஷன், யாரோ ஒரு பெண், முதல் குழந்தை என்று குறித்திருந்தது. என் கை பழக்கத்தில் புதுப் பெட்டிக்குப் போயிற்று.

அப்போதுதான் பெரிய சிஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் திட்டவில்லை. ஏன்மா, அந்தத் தட்டுக்கு மட்டும் ஏன் பழைய பட்டை என்று சாதாரணமாகத்தான் கேட்டார். புதுப் பெட்டியிலிருந்து கையை இழுத்துக்கொண்டேன் பாப்பா. என் வீட்டு ஆளின் வயிற்றுக்கு ஒரு பட்டை, எவளோ பெற்ற பெண்ணின் வயிற்றுக்கு ஒரு பட்டை. அதைத்தானே உன்னிடமும் சொல்லியிருக்கிறேன், போட்டுடு, ஒரு கையெழுத்துதானே என்று. நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் புகார் முடிந்தது, அந்தப் பன்னிரண்டு பெட்டியும் தீரும்வரை ஒவ்வொரு தட்டுக்குள்ளும் போகும், எங்கள் ஆஸ்பத்திரி ஒன்றா, எத்தனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களோ. மெஷின் நன்றாக ஓடுகிறவரை ஒன்றும் ஆகாது. ஒரு நாள் பாதியில் நின்றால் பட்டை கறுத்துக் காட்டும், நாங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவோம், அவ்வளவுதான்.

எங்கள் பதிவேட்டில் அடுப்பில் ஏற்றுகிற ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு கையெழுத்து என்பது உனக்குத் தெரியும், அடுக்கியவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர், ஒரே ஆள் இரண்டும் போடக்கூடாது. அன்றைக்குச் சரிபார்ப்பு என் முறை. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, இந்த பேட்ச் இருக்குறவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன் சிஸ்டர் என்றேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதே, குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. அவர் மெதுவாக, உம் பொண்ணே தப்பாப் பாத்துட்டேன்னு எழுதித் தரப்போறாளாம், நீ எதை வெச்சுக்கிட்டு நிக்கிற என்று கேட்டார். அவள் தப்பாகப் பார்க்கவில்லை, நான்தான் அவளைத் தப்பாகச் சொல்லச் சொன்னேன் என்றேன். அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. விழட்டும்.

இப்போது என்னைத் துணி மடிக்கிற அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை என்கிறார்கள். போர்வை, அங்கி, மேசைத் துணி, நாள் முழுக்க மடிக்கிறேன், மூலையோடு மூலை சேர்த்து. இளக்காரமாகத்தான் இருக்கிறது, லிஃப்ட்காரர் இரண்டாவது மாடியில் என்னை இறக்கிவிடும்போது வேறு பக்கம் பார்க்கிறார். போகட்டும், ஸ்டெரிலைசேஷன் அறையில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, துணி அறையில் வைத்துக்கொள்ளலாம், அதுவொரு லாபம், பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறேன், நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். பெரிய சிஸ்டர் கெட்டவர் இல்லை. சித்தப்பாவின் தட்டை மட்டும் மாற்றியதற்கு என்னைத் திட்டினார், அது சரியான திட்டு, மறுநாள் பட்டியலில் இருந்த எல்லாத் தட்டுக்கும் அடித்தட்டில் கிடந்த பழைய பட்டையையே வைக்கச் சொன்னார், அந்தப் பிரசவத் தட்டுக்கும் சேர்த்து. அது நாலு நாளைக்குத்தான் வந்தது. நான் இரண்டாவதாக எழுதிக் கொடுத்த குறைபாட்டுப் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், வியாழக்கிழமை உம் பொண்ணு என்ன சொல்றான்னு பாத்துட்டு மேல அனுப்புறேன் என்கிறார். நேற்றிலிருந்து மறுபடி புதுப் பெட்டிதான். இங்கே எல்லாம் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உன் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றிவைத்தது நான்.

இனி உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி. சீல் வைத்த சின்ன கவரில் முப்பது பட்டை இருக்கிறது, அதே பேட்ச், பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரிய சிஸ்டரும் நானும் கவர் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், திருடவில்லை. அதைக் குளியலறைப் பக்கம் வைக்காதே, ஈரம் ஆகாது. இதை நீ உங்கள் தும்மல் வாத்தியாரிடம் கொண்டுபோ. ஒவ்வொரு வகுப்பையும் மூன்று தும்மலோடு ஆரம்பிப்பார், அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் நீராவிச் சோதனை மெஷின் இருக்கிறது, முதல் வருஷம் அதைத் துடைத்தே என் கை தேய்ந்துபோயிற்று என்று நீதானே சொன்னாய். ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று அவ்வளவு பெரிய கட்டடம் கட்டிவைத்திருக்கிறார்களே, ஒரு நிமிடம் நீராவியில் வைத்து எடுத்தால் கறுக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆகுமா? நீ சொன்னதையும் நம்ப வேண்டாம், கம்பெனி சொன்னதையும் நம்ப வேண்டாம், அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கேள். அந்த மேடத்தையும் கூட அழைத்துக்கொண்டு போ. கண்கலங்கினவர் வருவார். நீ தனியாக எல்லாவற்றையும் சுமக்கிறாய், உன் அப்பாவின் ரத்தம், வலி இல்லை வலி இல்லை என்று சாதிப்பாய், அது எனக்குத் தெரியும். யாரிடமாவது கேட்டால் கிரீடம் இறங்கிவிடாது.

கம்பெனியின் தாளில் நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாயோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். போட்டிருந்தால் நான் சொல்லித்தான் போட்டிருப்பாய், அந்தக் குற்றம் என்னுடையது, உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தை அவர்களிடம் நீட்டி, என் அம்மா பயமுறுத்தினதால போட்டேன்னு சொல். போடவில்லை என்றால் போடாதே. ஒவ்வொரு வேலைப் பருவமும் முடிந்ததும், அங்கே என்ன கற்றாய் என்று நாலு பக்கம் எழுதச் சொல்வார்களே, போன தடவை நீ எழுதியதை எனக்குப் போனில் படித்துக் காட்டினாய், நான் சமையலை விட்டுவிட்டு நின்று கேட்டேன். இந்தத் தடவை என்ன எழுதுவாய்? தப்பாகப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த நாலு பக்கத்தை நீ எப்படி எழுதுவாய் என்று நினைத்துப் பார்த்தேன்.

படிப்பு போய்விடுமோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. போகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க நான் யார்? நீ ராத்திரி பகலாகப் படித்து அந்த இடத்தைப் பிடித்தாய். போனால் நான் ஒப்பாரி வைத்து அழுவேன், மறைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது, ஜன்னல் கொக்கி மட்டும் உடைந்துவிட்டது, அப்பா கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார். நீ திரும்பி வந்தாலும் நான் உன் முகத்தைப் பார்க்க முடியும், நீ என் முகத்தைப் பார்ப்பாயா என்பதுதான் என் கவலை. நீயா இதைச் சொல்ற என்று கேட்டாயே, அது என் காதை விட்டுப் போகவே இல்லை, துணி மடிக்கும்போதெல்லாம் கேட்கிறது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று உன் அறைத்தோழிதான் சொன்னாள், அவளைத் திட்டாதே. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, ஒரு முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடு. அந்தச் சாம்பல் நிறச் சட்டையைப் போடாதே, உன்னை நோயாளிபோலக் காட்டும், நீலத்தைப் போடு. கோபம் உனக்கு மூக்கு நுனியில் இருக்கும், யாராவது சீண்டினால் தண்ணீர் குடி, பிறகு பேசு. பார்த்ததை மட்டும் சொல், நாற்பதில் பதினொன்று, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், குறையவும் வேண்டாம். அப்பா அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார், வா என்று புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் ரயிலேறி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், உள்ளே வர மாட்டோம், வாயைத் திறக்க மாட்டோம். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அப்பா பார்த்துக்கொள்வார்.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும், எதற்கும் தலைகுனியாமல் இருக்கணும், நாங்கள் இரண்டு பேரும் வேண்டுவது அவ்வளவுதான். என்னை மன்னிப்பதெல்லாம் மெதுவாக ஆகட்டும், அவசரமில்லை. போனை மட்டும் எடு.

ஒன்றே ஒன்று மறக்காதே. பல்கலைக்கழகத்தின் தாளில் கடைசியாக சாட்சிக்கு ஒரு கட்டம், காலியாகத்தான் விடணும் என்றாயே. பத்தில் மூன்று கறுத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அதில் என் பெயரை எழுது, என் வேலையை எழுது, துணி அறை என்றே எழுது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே பாப்பா.

இப்படிக்கு,
அடுக்கியவர்: உன் அம்மா
சரிபார்த்தவர்: உன் அப்பா (முழுக்கப் படித்தேன். எல்லாம் சரி. பெட்டி கட்டி வைத்துவிட்டோம், கூப்பிடு.)